சின்ன அறையில் ஏழு சீடிகள்

என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டுச் சின்ன அறையில் யார் இருந்தார்கள்?

லண்டனில் நம்மைப் போல வளர்ந்தவர்கள் வீடுகளில் மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு சின்ன அறை இருந்தது. ஒற்றைக் கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். நியாயமாகப் பார்த்தால் அது நமக்குரிய அறை. ஆனால் நாம் அதில் படுத்ததேயில்லை. ஊரிலிருந்து வந்து இறங்கிய யாரோ ஒருவர் எப்போதும் அதில் இருந்தார். ஒருவர் போனால் கட்டில் விரிப்பு மாறும், இன்னொருவர் வருவார். மோர்டனில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் அம்மாவோடு பெரிய அறையில் படுத்தேன். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்த அப்பா, நான் பள்ளிக்கூடம் போன பிறகு அதே கட்டிலில் நான் படுத்த பக்கத்தில் படுத்தார்.

எங்கள் சின்ன அறையில் இருந்தவர்களில் நால்வரின் முகம் எனக்கு மறந்துவிட்டது. ஐந்தாமவரை மட்டும் மறக்க முடியவில்லை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அவருக்கு இருபத்துமூன்று இருக்கும். அப்பாவின் கூட்டாளி ஒருவருக்குத் தூரத்து உறவு. அம்மாவும் அப்பாவும் அவரைத் தம்பி என்றார்கள். நான் அண்ணை என்றேன். அவர் அப்பாவை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணை வந்த புதிதில் அதிகம் பேசமாட்டார். சாப்பிட்ட கோப்பையைக் கழுவி, துடைத்து, அலுமாரியில் வைத்துவிட்டு மேலே போய்விடுவார். அவருடைய அகதி வழக்கு ஒரு தரம் தள்ளுபடியாகி, அப்பீலுக்குத் திகதி வரும் என்று காத்திருந்தார். முதல் விசாரணையில் அவர் பேசியதை மொழிபெயர்த்தவர் வேறு இடத்துத் தமிழர். இவர் இயக்கக்காரரை ‘பெடியள்’ என்று சொன்ன இடத்திலெல்லாம் அவர் சிறுவர்கள் என்று சொல்லிவிட்டார். ‘சிறுவர்களுக்கா பயந்து ஓடி வந்தாய்?’ என்று அதிகாரி கேட்டாராம்.

“இந்த முறை என்ரை வாயாலை நானே சொல்லுவன்” என்று அண்ணை அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன். அதற்காக வாரத்தில் இரண்டு நாள் கல்லூரியில் இங்கிலிஷ் படித்தார். தபால் நிலையத்தில் முத்திரை வாங்குவது எப்படி, வைத்தியரிடம் தடிமன் என்று சொல்வது எப்படி என்றெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருந்தது. அவர் சொல்ல வேண்டியிருந்த எதுவும் அதில் இருக்கவில்லை.

எங்கள் வீடு வரிசை வீடுகளில் ஒன்று. சின்ன அறையின் சுவருக்கு மறுபக்கம் பக்கத்து வீட்டின் சின்ன அறை. அந்த வீட்டில் ஒரு வெள்ளைக்கார அன்ரியும் அவருடைய மகனும் இருந்தார்கள். மகனின் தலைமுடி ஒரு மாதம் நீலமாக இருக்கும், அடுத்த மாதம் பச்சையாக இருக்கும். காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சங்கிலி தொங்கும். என்னைக் கண்டால் நாடியை ஒரு தரம் மேலே தூக்குவான். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அந்த வருடம் வசந்தத்தில் ஒரு நாள் சுவருக்கு அப்பால் பெரிய சத்தம் கேட்டது. தாயும் மகனும் ஒருவரை ஒருவர் வெட்டிப் பேசினார்கள். பிறகு வாசல் கதவு அடிபட்ட அதிர்ச்சியில் எங்கள் வீட்டு மாதா படம் சரிந்தது. அதற்குப் பிறகு நீலமுடியையோ பச்சைமுடியையோ நான் காணவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை, அண்ணையும் நானும் கடையிலிருந்து பாணும் லீக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தோம். பக்கத்து வீட்டு முன்மதிலுக்கு வெளியே மகனின் சாமான்கள் கிடந்தன. சக்கரம் கழன்ற சறுக்குப் பலகை ஒன்று, சப்பாத்துகள், ஒரு காட்போட் பெட்டி. பெட்டிக்குள் ஒரு சின்ன சீடி பிளேயரும் ஏழு சீடிகளும். ‘வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்’ என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன்.

“களவு இல்லைத்தானே?” என்று அண்ணை இரண்டு தரம் கேட்டார்.

“இல்லையண்ணை. எடுங்கோ.”

இப்படித்தான் அந்த அமெரிக்கக் குழு எங்கள் வீட்டுக்குள் வந்தது. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப்பேர், ‘ஐயோ, அவங்களா!’ என்று சிரிப்பீர்கள். மற்றப் பாதிப்பேர் அவர்களுடைய ரீசேட் போட்டவர்கள்தான். மூன்று பெடியன்கள். கிற்றார், பேஸ், டிரம். மூக்கால் பாடுவார்கள். ஒரு பாட்டும் மூன்று நிமிடத்தைத் தாண்டாது. அந்தக் காலம் வரைக்கும் அவர்கள் வெளியிட்ட எல்லாமே அந்தப் பெட்டியில் இருந்தது. மகன் ஒவ்வொன்றின் முதுகிலும் கறுப்பு மையால் ஒன்று முதல் ஏழு வரை இலக்கம் போட்டிருந்தான்.

ஒன்றாவது, யாரோ ஒருவரின் கராஜுக்குள் வாளியைக் கவிழ்த்து அடித்ததுபோல இருக்கும். இரண்டாவது இன்னும் வேகம். தொடங்கினால் மூச்சு விடாமல் முடியும். மூன்றாவதுதான் அவர்களை ரீவியில் கொண்டுவந்தது. நான்காவது மேடையில் பதிந்தது. பாட்டுக்குப் பாட்டு நடுவில் கெட்ட பகிடிகள், சனம் கத்துகிற சத்தம். ஐந்தாவதில் மூன்றே மூன்று பாட்டு. ஆறாவது வேறு மாதிரி. டிரம் அடங்கியிருக்கும், பாடுகிறவனுக்கு வயது போயிருக்கும், பகிடி ஒன்றும் இல்லை. ஏழாவது, மற்ற எதிலும் சேராமல் விடுபட்ட பாட்டுகள். பிழை விட்டு நிறுத்துவதும், யாரோ இருமுவதும், ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று மறுபடி எண்ணித் தொடங்குவதும் அப்படியே இருக்கும். அண்ணைக்கு அதுதான் அதிகம் பிடித்தது.

“பிழை விட்டிட்டு வெக்கமில்லாமல் திருப்பித் தொடங்கிறாங்கள். என்ரை வாத்தியார் இவங்கள்தான்” என்பார்.

உண்மையில் அவருக்கு வாத்தியாராக இருந்தது நான். சீடி உறைக்குள் மடித்து வைத்த சின்னப் புத்தகத்தில் பாட்டு முழுதும் அச்சடித்திருக்கும், எறும்பு அளவு எழுத்தில். கொஞ்ச நாளில் கோடை விடுமுறையும் தொடங்கிவிட்டது. பின்னேரம் நான் அவருடைய அறை வாசல்படியில் இருப்பேன், அண்ணை கட்டில் நுனியில் இருப்பார். ஒரு வரி ஓடும், நிறுத்துவார், நான் பொருள் சொல்வேன், அவர் பாடிக் காட்டுவார். வெய்யிலில் சூடான கம்பளத்தின் மணம், பிளேயருக்குள் சீடி சுற்றத் தொடங்கும் மெல்லிய சீறல், மூடியைத் திறந்தவுடன் ஓய்ந்து நிற்கிற தட்டில் தெரியும் வானவில். இன்று கைபேசியில் ஒரு தட்டுத் தட்டினால் ஏழும், அதற்குப் பிறகு வந்தவையும் வரிசையாக வந்து நிற்கின்றன. கேட்டிருக்கிறேன். அந்தச் சீறல் அதில் இல்லை.

கெட்ட வார்த்தைகளுக்கு, ‘அது கோவம் வந்தால் சொல்லுறது’ என்று சொல்லி ஒப்பேற்றினேன். எல்லாவற்றையும் அப்படி ஒப்பேற்ற முடியவில்லை. ஒரு பாட்டில் அந்தப் பெடியன் தன் ஊரை விட்டு ஓட வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்துகிறான். அண்ணை நிறுத்தினார்.

“ஏனாம் ஓடவேணும்? ஆமி வந்திட்டோ?”

“இல்லையண்ணை. ஊர் போரிங்காம்.”

“போரிங் எண்டால்?”

எனக்கு அதற்குத் தமிழ் தெரியவில்லை. யோசித்துச் சொன்னேன். “ஒண்டும் நடக்காமல் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருக்கிறது.”

அண்ணை என்னைப் பார்த்தார். “தாய் தேப்பன் இருக்கினமோ?”

“இருக்கினம் போலை. அவையோடைதான் சண்டை.”

“வீடு?”

“இருக்கு. காரும் இருக்கு.”

“ஒண்டும் நடக்காத ஊர்” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. கட்டிலில் சரிந்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தார். “அந்த ஊரிலை எனக்கொரு காணி எடுத்துத் தரச் சொல்லு பிள்ளை. நான் போய் இருக்கிறன்.”

அந்த வருடத்தின் நல்ல நாள் எது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

அண்ணையின் இங்கிலிஷ் விறுவிறென்று வளர்ந்தது, ஆனால் கலிபோர்னியாப் பக்கமாக. பஸ் சாரதியிடம் மூக்கால் பேசினார். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வாசலில் பங்குத்தந்தை, “எப்படி இருக்கிறாய்?” என்று இங்கிலிஷில் கேட்க, “இந்த ஊர் எனக்கு அலுத்துப்போச்சு மச்சான்” என்று பொருள்படும் ஒரு முழு வரியைப் பிழையில்லாமல் சொன்னார். தந்தை ஐரிஷ்காரர். குலுங்கிச் சிரித்து அண்ணையின் தோளில் தட்டினார். அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

அம்மாவுக்கு அந்தப் பாட்டுகளே பிடிக்கவில்லை. மேலே பாட்டுத் தொடங்கினால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்வளவுக்குப் போய்விடுவார். காய்ந்த துணியை எடுப்பார். காயாத துணியையும் எடுப்பார். சத்தம்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் நினைத்தேன்.

ஆவணி தொடங்கிய பிறகு ஒரு பின்னேரம் வாசல்மணி அடித்தது. அப்பா வேலைக்குப் போய்விட்டார். அண்ணை கல்லூரிக்குப் போயிருந்தார். அம்மா கதவைத் திறந்தார். பக்கத்து வீட்டு அன்ரி நின்றார். எட்டு வருடம் பக்கத்தில் இருந்தும் அவர் எங்கள் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தலை வாரியிருக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. ஒரு கையால் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அம்மா வழக்கம்போல் என்னைக் கூப்பிட்டார். தையல் வேலையை வீட்டிலேயே செய்த அம்மாவுக்கு இங்கிலிஷ் பேச வராது. வைத்தியர், கவுன்சில், பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் நான்தான் அவருடைய வாய். நீங்களும் அப்படித்தானே இருந்தீர்கள்?

“மேலே பாட்டுப் போடுவது யார்?” என்று அன்ரி என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தொடர்ந்தார். “அது என் மகனின் பெட்டி. கோபத்தில் வெளியே வைத்துவிட்டேன். முதல் நாள் சுவருக்குள்ளால் கேட்டபோது, ஒரு கணம், அவன் திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தேன். மாடிக்கு ஓடினேன்.” எங்கள் மாடிப்படியைப் பார்த்தார். “நேற்று ஒரு மெதுவான பாட்டுப் போட்டார்கள். மறுபடியும் போடச் சொல்வாயா? தயவுசெய்து.”

“என்னவாம்?” என்றார் அம்மா.

என் காதில் ‘என் மகனின் பெட்டி’ மட்டும்தான் நின்றது. இனிப் பெட்டியைக் கேட்பார். அண்ணை கொடுத்துவிடுவார், அவர் அப்படிப்பட்டவர். பிறகு பின்னேரம் இல்லை, வாசல்படி இல்லை, சிரிப்பு இல்லை. பன்னிரண்டு வயது மூளை இவ்வளவையும் ஒரு மூச்சில் கணக்குப் போட்டது.

“பாட்டுச் சத்தம் கூடவாம்” என்றேன். “நிப்பாட்டட்டாம்.”

அம்மா அன்ரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த இரண்டு இங்கிலிஷ் சொற்களைச் சேர்த்து, “சொறி. ஓக்கே” என்று சொல்லித் தலையை ஆட்டினார். அன்ரியின் முகம் மலர்ந்தது. தன் வேண்டுகோளுக்கு அம்மா சம்மதித்துவிட்டார் என்று நினைத்திருப்பார். அம்மாவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

அடுத்த நாள் விஷயம் அப்பாவின் காதுக்குப் போனது. எங்களுடையது கவுன்சில் வீடு. சின்ன அறையில் ஆள் இருப்பதைக் கவுன்சிலுக்கு நாங்கள் சொல்லியிருக்கவில்லை. அப்பா ஷிப்ட் உடுப்போடு அண்ணையின் கதவடியில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார். “தம்பி, அந்த மனிசி கவுன்சிலுக்கு ஒரு போன் போட்டாளெண்டால் எங்கடை குடும்பம் ரோட்டிலை. நீர் படிக்கிறதை வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை.”

“விளங்குதண்ணை. இனிக் கேக்காது.”

அன்றே அண்ணை யாரிடமோ ஒரு ஹெட்போன் வாங்கி வந்தார். இதை நான் யோசித்திருக்கவில்லை. பின்னேரம் போய்ப் பார்த்தால், கட்டில் நுனியில் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். நான் வாசல்படியில் இருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. எதைக் காப்பாற்ற நான் பொய் சொன்னேனோ அது ஒரே நாளில் போய்விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு கிழமைக்குப் பிறகு அண்ணை பின்வளவில் உடுப்புக் காயப்போடும்போது வேலிக்கு மேலால் அன்ரி அவரோடு கதைத்தார். நான் சமையலறை ஜன்னலால் பார்த்தேன். அன்ரி பேசினார். அண்ணை கையில் சேட்டோடு அப்படியே நின்றார். பிறகு அவர் ஏதோ சொன்னார், நீளமாக, நிறுத்தி நிறுத்தி. அன்ரி வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணையின் இங்கிலிஷ் அந்த அளவுக்கு வந்துவிட்டது. இனி என் வாய் தேவையில்லை.

அண்ணை உள்ளே வந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தார்.

“நீ ஏன் அப்பிடிச் சொன்னனீ?”

அழுகைதான் வந்தது. அவர் கத்தவில்லை. கதிரையை இழுத்து எனக்கு எதிரே இருந்தார்.

“நான் சொன்னதை ஒருத்தன் மாத்திச் சொன்னதாலைதான் பிள்ளை நான் இந்தச் சின்ன அறையிலை இருக்கிறன்” என்றார். “சரி. கண்ணைத் துடை. அம்மாட்டை நான் சொல்லமாட்டன்.”

அந்தச் சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். முன்னறையில் அன்ரி எங்களுக்கு ஆரஞ்சுச் சாறும் பிஸ்கற்றும் வைத்தார். அண்ணை பெட்டியை மேசையில் வைத்து, “இது உங்களுடையது” என்றார். அன்ரி அதைத் திறக்காமல் கையை மேலே வைத்துக்கொண்டிருந்தார்.

“அவன் இதைப் போட்டபோதெல்லாம் நான் கீழேயிருந்து தும்புத்தடிக் காம்பால் மேல்தட்டை இடிப்பேன். ஒரு பாட்டுக்கூட முழுதாகக் கேட்டதில்லை” என்றார்.

“அப்படியென்றால் ஒன்றாவதிலிருந்து தொடங்குவோம்” என்றார் அண்ணை.

இப்படி நான்கு சனிக்கிழமைகள். ஒரு தரத்தில் இரண்டு சீடி. அன்ரி கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தே கேட்பார். கெட்ட வார்த்தை வந்தால் என்னைப் பார்த்துவிட்டு அண்ணையைப் பார்ப்பார். அண்ணை முகத்தை இறுக்கி, “கோவம் வந்தால் சொல்லுறது” என்று இங்கிலிஷில் விளக்குவார். அன்ரி சிரித்துவிடுவார். நான்காவது சீடியில் சனம் கத்தும்போது, இதில் ஒரு குரல் தன் மகனுடையதாக இருக்கக் கூடுமா என்று கேட்டார். அமெரிக்காவில் பதிந்தது, அவன் அங்கே போனதேயில்லை. அவருக்கும் தெரியும். அண்ணை இல்லையென்று சொல்லவில்லை. அந்த இடத்தைத் திரும்பப் போட்டார். ஆறாவதில் அந்த மெதுவான பாட்டு வந்தபோது அன்ரி எழும்பி ஜன்னலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அண்ணையும் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாய் வன்னியில் எந்த ஊரில் இருக்கிறார் என்று அவருக்கு அப்போது தெரியாது. கடிதம் போய் ஆறு மாதமாகப் பதில் இல்லை. நான் பிஸ்கற் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் நான் நூலகத்துக்குப் போவதாகவும் அண்ணை இங்கிலிஷ் பழகப் போவதாகவும் சொல்லியிருந்தோம்.

நான்காவது சனிக்கிழமை ஏழாவது சீடியும் முடிந்தது. அன்ரி தன் தோட்டத்தில் ரோசாப் பூக்களை வெட்டி ஈரத்தாளில் சுற்றி அண்ணையிடம் கொடுத்தார். “இந்தப் பெண்ணின் அம்மாவுக்கு” என்றார். நான் உள்ளே சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். அண்ணை பூங்கொத்தோடு முதலில் வாசலுக்கு வந்தார். அன்ரி கதவடியில் நின்று அவர் கன்னத்தைத் தட்டினார். அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்க நடைபாதையால் எங்கள் பங்கின் தமிழ் மாதா சபைத் தலைவி போய்க்கொண்டிருந்தார். அவர் கண்டது ஓர் இளம் பெடியனையும், தனியாக இருக்கிற ஒரு வெள்ளைக்காரியையும், ரோசாப் பூவையும். பின்னால் வந்த என்னை அவர் காணவில்லை. அதற்குள் திரும்பி வேகமாக நடந்துவிட்டார்.

அன்று பின்னேரமே தொலைபேசி வந்துவிட்டது. ரோசாப் பூக்களை யாருக்கென்று சொல்லி அம்மாவிடம் கொடுக்க அதற்குப் பிறகு அண்ணையால் முடியவில்லை. அவை சின்ன அறையில் ஒரு கிளாஸில் நின்றன.

அப்பா ஷிப்டுக்குப் போகுமுன் அண்ணையை முன்னறைக்குக் கூப்பிட்டார். நான் படியில் இருந்தேன். கதவு திறந்தபடிதான் இருந்தது.

“தம்பி, நாங்கள் உம்மைப் பிழையாய் நினைக்கேல்லை. ஆனால் சனம் கதைக்குது. எங்களுக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு.”

அண்ணை தலை குனிந்து நின்றார். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லப்போனால், என்னையும் கூட்டிக்கொண்டு போனதைச் சொல்ல வேண்டும். ஏன் போனோம் என்று சொல்ல வேண்டும். அன்ரி வாசலுக்கு வந்த நாளில் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அவர் நிமிர்ந்து கதவுக்கு வெளியே என்னை ஒரு தரம் பார்த்தார். அது கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. நான் பேசுவேனா என்று பார்த்தார், அவ்வளவுதான்.

நான் பேசவில்லை.

“ரெய்னர்ஸ் லேனிலை எனக்கொரு கூட்டாளி இருக்கிறான். நாளைக்கே போறனண்ணை” என்றார்.

அடுத்த நாள் கூட்டாளியின் கார் வந்தது. ஒரு பை, ஒரு குளிர்ச்சட்டை, அந்தக் கல்லூரிப் புத்தகம். அம்மா பார்சல் கட்டிக்கொடுத்த சோற்றை இரண்டு கையாலும் வாங்கினார். என்னிடம் வந்து, “வடிவாப் படி” என்றார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “ஒராள் சொன்னதை இன்னொராளுக்குச் சொல்லேக்கை முழுசாச் சொல்லு பிள்ளை.” கார் மூலையால் திரும்பும் வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்கழியில் அவருடைய அப்பீல் வென்றதாக அப்பா கேள்விப்பட்டு வந்தார். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே பேசினாராம். நீதிபதி, இங்கிலிஷ் எங்கே படித்தாய் என்று கேட்டாராம். கூட்டாளிமாரிடம் என்றாராம். “எங்கடை வீட்டிலை இருந்து படிச்சவன்” என்று அப்பா பலபேரிடம் பெருமையாகச் சொன்னார். அதற்குப் பிறகு கனடாவுக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். லெஸ்ரரில் கடை வைத்திருப்பதாக இன்னொருவர். எங்கள் வீட்டுக்கு அவர் வரவில்லை. ஏன் வர வேண்டும்?

அடுத்த வருடம் பக்கத்து வீட்டு அன்ரி கடற்கரைப் பக்கம் தன் தங்கையோடு இருக்கப் போய்விட்டார். மகன் வந்தானா என்று எனக்குத் தெரியாது. லொறியில் சாமான் ஏற்றின அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சின்ன அறையில் அதற்குப் பிறகு யாரையும் வைக்கவில்லை. எனக்குத் தந்தார்கள். சுவரோடு காதை வைத்துப் படுத்தால், புதிதாக வந்தவர்களின் ரீவிதான் கேட்டது.

இது நடந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. அப்பா இல்லை. அம்மாவுக்கு எழுபத்தொன்று. மோர்டன் வீட்டில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருவேன். போன மாதம் ஒரு ஞாயிறு, மேசையில் இருந்து போஞ்சிக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தோம். என்ன நினைத்தேனோ, சொல்லிவிட்டேன். அன்ரி வாசலில் என்ன கேட்டார், நான் எப்படி மாற்றிச் சொன்னேன், சனிக்கிழமைகளில் எங்கே போனோம், ரோசாப்பூ யாருக்கு, எல்லாம்.

அம்மா கையை நிறுத்தவில்லை.

“பூ எனக்கெண்டு தெரியாது” என்றார். “மற்றது தெரியும்.”

“எதம்மா?”

“அவ வந்து கேட்டது. ‘சன்’ எண்டதும் ‘ப்ளீஸ்’ எண்டதும் எனக்கு விளங்காதே? எட்டு வருசம் இந்த நாட்டிலை இருந்தனான். பேசத்தான் வராது. அழுதுகொண்டு வந்து ஆரும் சத்தத்தைக் குறை எண்டு கேக்கிறேல்லை.”

“அப்ப ஏன் நான் சொன்னதைப் பிடிச்சனீங்கள்?”

ஒரு போஞ்சியை உடைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

“அந்தப் பெடியன் மேலை நிண்டு சிரிப்பான். பாட்டோடை சேந்து கத்துவான். எனக்குக் கீழை சோறு வடிக்கக் கை ஓடாது. என்ரை தம்பியும் அந்த வயசுதான். அவனும் உப்பிடித்தான், றேடியோவைப் போட்டிட்டுக் கத்துவான். சத்தத்தைக் குறையெண்டு நான் அவனைப் பேசிக்கொண்டே இருப்பன்.” உரித்த நாரை ஒரு பக்கம் தள்ளினார். “நீ நிப்பாட்டட்டாம் எண்டாய். நான் ஓமெண்டிட்டன்.”

அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தது எனக்குத் தெரியும். மன்னாரில் ஒரு நாள் காலையில் அவரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அவருடைய படம் எங்கள் வீட்டில் எந்தச் சுவரிலும் இல்லை. அவர் சத்தமாகச் சிரிப்பார் என்றுகூட எனக்கு அன்றுதான் தெரியும்.

அம்மா நார்களைக் கூட்டி ஒரு தாளில் சுற்றினார். எழும்பிக் குப்பையில் போட்டார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி இருந்தார்.

“அவன் இப்ப எங்கை?”

“ஆர்?”

“சின்ன அறைத் தம்பி.”

“தெரியாதம்மா. கனடா எண்டு ஒராள் சொன்னது. லெஸ்ரர் எண்டும் சொன்னவை. நான் தேடிப் பாக்கேல்லை.”

அம்மா மேசையில் கிடந்த என் கைபேசியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“தேடு” என்றார். “உயிரோடை இருக்கிறவனைத் தேடலாம்தானே.”